உதிர்ந்த பூவின் கணக்கு

செடி வாங்கிப் போனவர் திரும்பி வந்து பண்ணையின் படலைத் திறக்கும்போதே, அவர் என்ன சொல்லப்போகிறார் என்பதை முகத்திலிருந்து படித்துவிடும் பழக்கம், நாற்றுப்பண்ணையில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்தவன் எவனுக்கும் தானாகவே வந்துவிடுகிறது. ரோஜா வாங்கியவர் கிளை கருகிப்போயிற்று என்பார். மல்லிகை வாங்கியவர் அரும்பே வைக்கவில்லை என்பார். தொட்டியில் எலுமிச்சை வைத்தவரோ, பெரும்பாலும் கைக்குட்டையிலோ பழைய செய்தித்தாளிலோ எதையோ மடித்துக் கொண்டுவந்து, என் எதிரே விரித்து வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் நிற்பார். மடிப்புக்குள் வாடிய வெள்ளைப் பூக்களும் மிளகுப் பருமனுள்ள பச்சைப் பிஞ்சுகளும் கிடக்கும். "எல்லாம் உதிர்ந்துபோச்சு" என்ற வாக்கியம் அதற்குப் பிறகுதான் வரும்.

அந்த வாக்கியத்தை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. ஆனால் சொல்பவர் ஒவ்வொருவருக்கும் அது தமக்கு மட்டும் நேர்ந்த துர்ப்பாக்கியமாகவே தோன்றுகிறது; மண்ணில் தோஷமோ, செடியில் நோயோ, விற்றவனிடத்தில் வஞ்சகமோ இருந்தாலன்றி இவ்வளவு புஷ்பம் வீணாகாது என்று மனத்துக்குள் தீர்மானித்துக்கொண்டே வருகிறார்கள். விழுந்ததெல்லாம் நஷ்டம் என்று எண்ணுகிற வரையில் தொட்டி எலுமிச்சையோடு ஒருவர் சுகமாக வாழ முடியாது என்பது என் அபிப்பிராயம். எதை மரம் தானே கழித்துக்கொண்டது, எது நம்முடைய பிழையால் விழுந்தது என்று பிரித்தறியும் சாமர்த்தியம் ஒன்று உண்டு. அது எனக்குச் சுலபமாக வந்துவிடவில்லை.

நான் பிறந்தது புளியங்குடிக்கு மேற்கே, மலையடிவாரத்துச் செம்மண் பூமியில். எலுமிச்சைக்குப் பேர்போன அந்த ஊர்ச் சந்தையில் விடியற்காலையில் குவியும் மூட்டைகளின் வாசனை, அங்கே பிறந்த எவனுடைய மூக்கையும் விட்டு ஆயுள் முழுவதும் போகாது. எங்கள் தோட்டத்தில் எலுமிச்சைக்கு யாரும் தாலாட்டுப் பாடியதில்லை. கிணற்றிலிருந்து வாய்க்காலில் தண்ணீர் வந்தால் குடித்தது, வராவிட்டால் வேரை ஆழ அனுப்பித் தேடிக்கொண்டது. ஆகையால் 1968ஆம் ஆண்டில், பதினாறாவது வயதில், பாளையங்கோட்டையில் ஒரு நாற்றுப்பண்ணைக்கு வேலைக்கு வந்து சேர்ந்தபோது, எலுமிச்சையைப் பற்றி எனக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லித்தர வேண்டியதில்லை என்ற கர்வம் எனக்கு நிரம்ப இருந்தது. பண்ணைக்காரரை நாங்கள் எல்லோரும் அண்ணாச்சி என்றே அழைப்போம். என் கர்வத்தை அவர் ஒரே பேச்சில் உடைத்துவிட்டார். "தரையில நிக்கது தன் பாட்டைத் தானே பாத்துக்கிடும். தொட்டியில நிக்கது நம்ம ஞாபகத்தத்தாம்லே நம்பிக்கிட்டு இருக்கு" என்றார்.

அண்ணாச்சி காலையில் பண்ணைக்குள் நுழைந்ததும் பூவாளியைத் தொடமாட்டார். ஒரு புளியங்குச்சியை எடுத்துக்கொள்வார். வரிசையாக நிற்கும் மண்தொட்டிகளின் இடுப்பில் அந்தக் குச்சியால் இலேசாகத் தட்டிக்கொண்டே நடப்பார். உள்ளே ஈரமிருக்கும் தொட்டி 'தொம்' என்று மந்தமாகச் சொல்லும். உலர்ந்த தொட்டி 'கிண்' என்று கணீரிடும். கிண்ணென்ற தொட்டிக்கு மட்டும் பின்னால் வரும் நான் தண்ணீர் விட வேண்டும். ஒரு வாரத்தில் குச்சி என் கைக்கு வந்தது. வந்த வேகத்தில் ஒரு நல்ல ரோஜாவை நான் கொன்றும் விட்டேன். விரிசல் கண்ட தொட்டி, உலர்ந்து கிடந்தாலும் தொம்மென்றே பேசும் என்பது எனக்குத் தெரியாது. இப்போது எல்லோரும் வாங்குகிற பிளாஸ்டிக் தொட்டிகளோ எதையும் பேசுவதில்லை. அவற்றில் ஆள்காட்டி விரலை இரண்டாம் கணு வரையில் மண்ணுக்குள் செலுத்திப் பார்ப்பதைத் தவிரவும், தொட்டியைச் சற்றே சாய்த்துக் கனம் பார்ப்பதைத் தவிரவும் வேறு உபாயம் இல்லை.

கன்று தெரிந்தெடுப்பதைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். விதையிலிருந்து எழுந்த கன்று காய்க்க ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். அதுவரையில் முள்ளாக வளர்ந்து வேட்டியைக் கிழிக்கும். ஆனால் எலுமிச்சை விதைக்கு ஒரு விசேஷம் உண்டு. ஒரே விதையைப் பிளந்துகொண்டு இரண்டு நாற்றும் சில வேளைகளில் மூன்றும் வெளிவரும். அவற்றுள் ஒன்று மகரந்தச் சேர்க்கையால் உண்டான குழந்தையாக இருந்தால், மற்றவை தாய் மரத்தின் திசுவிலிருந்தே எழுந்து, தாயையே அச்சாகக் கொண்டிருக்கும். மாம்பழக் கொட்டையை நம்பி மோசம் போனவர்கள் எலுமிச்சை விதையை நம்புவதற்கு இதுவே காரணம். பெரியகுளத்துத் தோட்டக்கலைக் கல்லூரியார் பிற்காலத்தில் வெளியிட்ட பி.கே.எம். 1 என்னும் ரகத்தை இன்று பலரும் விரும்பிக் கேட்கிறார்கள், நானும் விற்றிருக்கிறேன். எனினும் தொட்டிக்கு உகந்தது பதியன் கன்றுதான் என்று அன்று அண்ணாச்சி சொன்னதையே இன்றும் நான் சொல்வேன். பென்சில் பருமனுள்ள முற்றிய கிளையில் ஓரங்குல அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்து, ஈரப் பாசியை வைத்துப் பொதிந்து, பாலிதீன் தாளால் இரு முனையும் இறுகக் கட்டிவிட்டால், மழைக்காலத்தில் இரண்டு மாதத்துக்குள் தாளின் உட்புறத்தில் வெள்ளை வேர்கள் நூல் நூலாக ஓடுவது தெரியும். அதை வெட்டியெடுத்து நடும் கன்றுக்கு ஆணிவேர் இராது. பரவுவதெல்லாம் பக்க வேர்களே. ஆகவே தொட்டியின் குறுகிய இடம் அதற்குச் சிறையாகத் தோன்றுவதில்லை. காய்ப்பை ஏற்கெனவே கண்ட கிளையின் துண்டாதலால், நட்ட இரண்டாம் ஆண்டிலேயே பூக்கவும் தொடங்கிவிடும்.

மண் கலவையில் ரகசியம் ஒன்றுமில்லை. இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு தாமிரவருணி மணல், ஒரு பங்கு நன்றாக மக்கிய சாணி எரு, கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. அடித்துளையின்மேல் ஓட்டாஞ்சில்லை அதன் முதுகு மேலே இருக்கும்படி கவிழ்த்து வைக்க வேண்டும். மல்லாத்தி வைத்தால் துளை அடைபட்டு, அடியில் தண்ணீர் தேங்கி, தண்டின் கழுத்தில் பிசின் வடியத் தொடங்கும். கழுத்தை மண்ணுக்குள் புதைப்பவர்களுக்கும் அதே கதிதான்.

இனி நான் செய்த பாவத்தைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், ஊரில் பிரபலமான ஒரு மருத்துவர் வீட்டு மாடித் தொட்டிகளை வாரத்துக்கு இருமுறை கவனித்து வரும் பொறுப்பை அண்ணாச்சி என்னிடம் ஒப்படைத்திருந்தார். அங்கே ஓர் எலுமிச்சை, தை மாதத்தில், இலை தெரியாமல் பூத்து நின்றது. இத்தனை பூவையும் காயாக்க வேண்டுமானால் மரத்துக்குப் போஷணை போதாது என்று நானே ஊகித்துக்கொண்டு, வீட்டுக்கார அம்மாளின் பாராட்டை முன்கூட்டியே கற்பனை செய்துகொண்டு, ஒரு கைப்பிடி அம்மோனியம் சல்பேட்டை வேரடியில் தூவித் தண்ணீர் விட்டுவிட்டு வந்தேன். நான்காம் நாள் போனபோது, தரையில் பூக்கள் வெள்ளைப் பாயாகக் கிடந்தன. இலைகளின் நுனி தீய்ந்திருந்தது. அதைவிட விநோதமாக, இலையின் தகடு மட்டும் கழன்று விழுந்துவிட, காம்புகள் குச்சி குச்சியாகக் கிளையிலேயே நின்றன. எலுமிச்சை இலைக்கு மூட்டு இரண்டு: காம்பு கிளையைத் தொடும் இடத்தில் ஒன்று, தகடு காம்பைத் தொடும் இடத்தில் ஒன்று. வயதாகி உதிரும் இலை முதல் மூட்டில் கழன்று காம்போடு விழும். வேருக்குத் திடீரென்று ஆபத்து வந்தால், அது உப்பானாலும் வறட்சியானாலும், தகடு இரண்டாம் மூட்டில் கழன்று போய்விடும். இந்தச் சூத்திரம் அன்று எனக்குத் தெரியாது. அண்ணாச்சி வந்து பார்த்தார். கிளையில் நின்ற ஒரு வெறுங்காம்பைத் தொட்டார், அதுவும் விழுந்தது. "பசிக்காத பிள்ளைக்கு ஊட்டுனா வாந்திதாம்லே எடுக்கும்" என்றார். வேறொரு வார்த்தையும் சொல்லாமல், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து, அடித்துளை வழியாக உப்பெல்லாம் கரைந்து ஓடும்வரை மும்முறை அந்தத் தொட்டியை அலசினார். மரம் பிழைத்தது, சித்திரையில் பச்சைப்பசேலென்று துளிர்த்தது, ஆனால் அந்த ஆண்டு ஒரு காய்கூடக் காய்க்கவில்லை. அந்த வீட்டு வேலையும் எனக்கு மீளவில்லை.

பூவும் பிஞ்சுமாக நிற்கும்போது உரத்தைத் தொடக் கூடாது என்று அன்று கற்றேன். பிஞ்சு சுண்டைக்காய்ப் பருமன் கண்டு நிலைத்த பிறகு, கடலைப்புண்ணாக்கை ஊறவைத்துத் தெளிந்த நீரைப் பத்துப் பங்கு தண்ணீரில் கலந்து, பதினைந்து நாளுக்கொருமுறை விட்டால் அதுவே யதேஷ்டம்.

1974ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில், கஜானாவில் கணக்கெழுதி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் பண்ணைக்கு வந்து, இரண்டு வயதுப் பதியன் ஒன்றை 14 அங்குலத் தொட்டியோடு விலைக்கு வாங்கினார். விலையைக் கொடுத்துவிட்டு ரசீது கேட்டார். எங்கள் பண்ணையின் சரித்திரத்தில் ரசீது கேட்ட முதல் மனிதர் அவர்தாம். செடியைப் பற்றி நான் சொன்னதையெல்லாம் சட்டைப்பையிலிருந்த சிறு நோட்டுப் புத்தகத்தில் தேதியிட்டு எழுதிக்கொண்டார். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மழை நன்றாகப் பெய்தது, அவர் வரவில்லை. மார்கழிப் பிறப்பன்று நானே அவர் வீட்டு மாடிக்குப் போய், இனிமேல் தண்ணீரை நிறுத்துங்கள் என்றேன்.

அவருக்கு அது சற்றும் ரசிக்கவில்லை. "மழை விட்ட பெறகுதான தம்பி தண்ணி ஊத்தணும்?" என்று கேட்டார். எலுமிச்சை சுகமாக இருக்கும் வரையில் இலையைத்தான் விடும். தனக்கு ஏதோ சங்கடம் வரப்போகிறது என்ற எண்ணம் வந்தால்தான் வம்சத்தைப் பற்றி யோசிக்கும் என்று நான் விளக்கினேன். தோட்டக்காரர்கள் இதை 'வாடப்போடுதல்' என்பார்கள். நிலத்து மரத்துக்கு இது வாரக்கணக்கில் நடக்கும்; தொட்டிக்கோ எட்டு நாள், மிஞ்சினால் பத்து நாள். நண்பகலில் இலை தொங்க வேண்டும், மாலையில் நிமிர வேண்டும். மாலையிலும் நிமிராமல் மறுநாள் காலையிலும் இலை சுருண்டே இருந்தால் எல்லை கடந்துவிட்டது என்று பொருள். கணக்கர் ஐயா நாற்காலியைப் போட்டுக்கொண்டு காலை, நண்பகல், மாலை என்று மூன்று வேளையும் இலையைப் பார்த்து எழுதினார். ஒன்பதாம் நாள் என்னிடம் ஆள் அனுப்பினார். போய்ப் பார்த்து, மக்கிய எருவை மேலாக இட்டு, அடித்துளையில் ஒழுகும் வரையில் நிறையத் தண்ணீர் விட்டேன். தை பிறந்து ஒரு வாரம் ஆவதற்குள் ஒவ்வோர் இலைக்கக்கத்திலும் அரும்பு கடுகு போல எட்டிப்பார்த்தது.

எங்கள் எலுமிச்சையின் பூ முழு வெள்ளை. அயல்நாட்டுக் காலண்டர்களில் நீளமாகவும் நுனியில் காம்பு போன்ற முகட்டோடும் மஞ்சளாகத் தொங்குகிறதே, அது வேறு சாதி. அதன் அரும்பில் ஊதா நிறம் படிந்திருக்கும். இத்தாலி தேசத்தில், பிளாரன்ஸ் நகரத்துக்கு அருகே, மெடிசி பிரபுக்கள் அமைத்த தோட்டத்தில், அந்தச் சாதி மரங்களை நூற்றுக்கணக்கில் பெரிய மண்தொட்டிகளில் வைத்து இன்றும் காத்து வருகிறார்கள். குளிர்காலம் வந்ததும் அத்தனை தொட்டிகளையும் இதற்கென்றே கட்டிய கூடத்துக்குள் நகர்த்துவார்கள். அவர்களுக்குப் பனி எப்படியோ அப்படியே நமக்குக் கத்திரி வெயில். அந்த இருபத்தைந்து நாட்களுக்கு மட்டும் தொட்டியைப் பிற்பகல் நிழல் விழும் சுவரோரமாக நகர்த்தி வைக்கச் சொன்னால், நம்மவர்களில் பாதிப் பேர் சோம்பல்படுகிறார்கள்.

மாசி முதல் வாரத்தில் கணக்கர் ஐயா வந்தார். கைக்குட்டை; மடிப்பு; மௌனம். பிறகு நோட்டுப் புத்தகத்தை விரித்தார். மலர்ந்த பூ 143. அன்றுவரை உதிர்ந்தது 61. "தம்பி, இந்த விகிதத்துல போனா மாசக் கடைசியில கையிருப்பு பூஜ்யம்" என்றார்.

பதியன் கட்டுவதற்கு வைத்திருந்த சிறு கத்தியை எடுத்து, திண்ணையில் ஒரு வாழையிலையைப் போட்டு, அவர் கொண்டுவந்ததை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். அவரும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். பூவின் இதழை நீக்கிவிட்டால், மஞ்சள் தலையுடைய கேசரங்கள் வேலி போலச் சுற்றி நிற்கும். நடுவில் பச்சைத் தூணொன்று, தலையில் பிசுபிசுப்பான குமிழோடும், அடியில் குண்டூசித் தலை அளவு சூலோடும் இருக்க வேண்டும். அவர் கொண்டுவந்த பூக்களில் இருபத்திரண்டில் அந்தத் தூணே இல்லை. இருந்த இடத்தில் ஒரு கறுத்த புள்ளி. "இது ஆண் பூ ஐயா. இது எப்பவும் காயாகாது, மகரந்தம் கொடுத்துட்டுப் போயிரும்" என்றேன். வலுக்குறைந்த கிளைகளில் இப்படிப்பட்ட பூக்கள் அதிகம் வரும். அடுத்த குவியல், தூண் இருந்தும் காம்போடு விழுந்தவை. தொடக்கத்தில் உதிரும் பூவும் பிஞ்சும் காம்பு கிளையைச் சந்திக்கும் இடத்திலேயே கழன்று, காம்பையும் கூட்டிக்கொண்டு விழும்; மரம் தன்னிடமுள்ள இலையை எண்ணிப் பார்த்து, இத்தனை பேருக்கு என்னால் சோறு போட முடியாது என்று கழித்துவிடுகிற கழிவு இது. பிஞ்சு பெரிதான பிறகு உதிர்வதோ வேறு மாதிரி: பச்சைக் கிண்ணம் போன்ற புல்லிவட்டமும் காம்பும் கிளையிலேயே தங்கிவிட, காய் மட்டும் வழுக்கிக்கொண்டு விழும். தரையைப் பார்க்காமல் கிளையைப் பார்த்தே, எப்போது விழுந்தது என்று சொல்லிவிடலாம். அப்படிக் காலியான கிண்ணங்களைத் திடீரென்று பல இடங்களில் ஒருசேரக் கண்டால்தான் நான் தொட்டியைத் தட்டிப் பார்ப்பேன், தண்ணீர் விட்டவரை விசாரிப்பேன்.

கணக்கர் ஐயா நெடுநேரம் வாழையிலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நோட்டுப் புத்தகத்தில் 'உதிர்ந்தவை' என்ற ஒரே பத்தியை அடித்துவிட்டு, கோடு கிழித்து, 'ஆண் பூ', 'காம்புடன்', 'காம்பின்றி' என்று மூன்று பத்திகளாகப் பிரித்தார். அவரைப் போல ஒரு மாணாக்கன் எனக்குப் பிறகு வாய்த்ததில்லை.

இடையில் புழு வந்தது. எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி இளந்தளிரில் ஒவ்வொன்றாக முட்டையிட்டுவிட்டுப் போகும். பொரித்து வரும் புழு, பார்ப்பதற்குக் காக்கை எச்சம் போலக் கறுப்பும் வெள்ளையுமாக இலைமேல் கிடப்பதால், புதியவர்கள் அதை எச்சம் என்றே நினைத்து விட்டுவிடுவார்கள். சில நாட்களில் அது பச்சை நிறமாக மாறி, விரல் பருமனாகி, இலையின் நடுநரம்பைத் தவிர ஒன்றையும் மிச்சம் வைக்காது. தொட்டால் கழுத்திலிருந்து சிவந்த கொம்பிரண்டை நீட்டி, காரமான வாடையை வீசும். நூறு இலையுள்ள தொட்டிச் செடிக்கு ஐந்து புழு போதும். விஷமருந்து வேண்டாம், காலையில் கையால் எடுத்தால் போதும் என்றேன். அவர் கையால் எடுத்தார். ஆனால் கொல்ல மனம் வராமல், கொல்லையிலிருந்த கறிவேப்பிலை மரத்தில் கொண்டுபோய் விட்டிருக்கிறார். அதுவும் அந்தப் புழுவுக்குப் பிடித்த உணவுதான். நாலாம் நாள் ரசத்துக்குக் கறிவேப்பிலை பறிக்கப் போன அவர் வீட்டு ஆச்சி போட்ட சத்தத்தைப் பற்றி அவரே எனக்குச் சிரித்துக்கொண்டு சொன்னார். இலைமேல் வெள்ளிக் கம்பியால் கோலமிட்டதுபோல் சுருள் சுருளாகக் கோடிழுக்கும் இலைத்துளைப்பானும் வந்தது. துளிர் முற்றியதும் அது தானே நின்றுபோகும், கோடு விழுந்த இலையைக் கிள்ளி எறிய வேண்டாம், அதிலுள்ள பச்சையும் காய்க்குச் சோறு என்று சொல்லிவிட்டேன். அவர் வீட்டுக் கிணற்று நீர் சுண்ணாம்பு மிகுந்தது. துளிர் நரம்பு பச்சையாகவும் இடைவெளி மஞ்சளாகவும் வெளுத்தது. மாட்டுக்கொட்டகைக் கூரையில் பிடித்த மழைநீரைக் கொண்டும், லிட்டருக்கு 5 கிராம் துத்தநாக சல்பேட் கரைத்துத் துளிர்மேல் தெளித்தும் ஒருவாறு சமாளித்தோம்.

பங்குனி பாதியில் பத்தொன்பது காய்கள் கோலிக்குண்டுப் பருமனில் நின்றன. ஒரு தொட்டிக் கன்றுக்கு, அதுவும் முதற் காய்ப்புக்கு, அது மிகை. எட்டை வைத்துக்கொண்டு பாக்கியைக் கிள்ளிவிடுவோம் என்று கத்தரிக்கோலை எடுத்தேன். கணக்கர் ஐயா என் கையைப் பிடித்துக்கொண்டார். "வரவுல எழுதுனதை நான் எப்படி தம்பி அடிப்பேன்?" என்றார். வயதில் மூத்தவர் கையைத் தட்டிவிட எனக்கு மனம் வரவில்லை. கத்தரியை இடுப்பில் செருகிக்கொண்டு வந்துவிட்டேன். இன்று நினைத்தாலும் அது என் பலவீனம் என்றே சொல்வேன். தொட்டிச் செடிக்கு முதலாண்டுக் காயைக் குறைக்காத தோட்டக்காரன், செடியின் மூன்றாமாண்டைக் களவாடுகிறான்.

சித்திரையில் அவர் குடும்பத்தோடு திருச்செந்தூருக்குப் போய் மூன்று நாள் தங்கினார். தண்ணீர் விடுவதாக ஒப்புக்கொண்ட பக்கத்து வீட்டுப் பையன் மறந்துபோனான். திரும்பி வந்தவர், இலை வதங்கி நின்ற கோலத்தைக் கண்டு பதறி, ஒரே மூச்சில் மூன்று வாளித் தண்ணீரைக் கொட்டியிருக்கிறார். காய்ந்த மண் தொட்டிச் சுவரை விட்டு விலகியிருந்ததால், தண்ணீரில் பெரும்பகுதி அந்த இடுக்கு வழியாகவே ஓடிப் போயிற்று. வேருக்குக் கிடைத்தது சொற்பம். மறுநாளும் அப்படியே ஊற்றினார். மூன்றாம் நாள் காய்கள் வழுக்கத் தொடங்கின. நான் போனபோது கிளைகளில் காலிக் கிண்ணங்கள் பத்து இருந்தன. தொட்டியைப் பெரிய அண்டாவில் கழுத்துவரை நீரில் வைத்து, குமிழி வருவது நிற்கும்வரை ஒரு நாழிகை ஊறவிட்டு எடுத்தேன். பிளந்த மண் ஊதிச் சுவரோடு சேர்ந்தது. மேலே காய்ந்த வாழைச் சருகைப் பரப்பினேன். "இந்தப் பத்தை எந்தப் பத்தியில எழுத?" என்று அவர் கேட்டார். மூன்றாம் பத்தியில் என்றேன். மரம் கழித்ததா, நாம் கழித்ததா என்று அவர் கேட்கவில்லை. எழுதும்போது அவருடைய கை நின்று நின்று போனதை மட்டும் பார்த்தேன்.

வைகாசியில் அடித்த ஒரு கோடை மழை, மீதியிருந்த ஒன்பதில் இரண்டை வெடிக்கச் செய்தது. நாட்பட்ட வறட்சியில் இறுகிய தோல், திடீரென்று உள்ளே ஏறும் சாற்றின் வேகத்துக்கு இடங்கொடாமல் பிளந்துவிடும். இதற்குப் பரிகாரம் மழைக்கு முன்னால் தினமும் அளவாகத் தண்ணீர் விட்டு வைப்பதுதான். வெடித்த பிறகு ஒன்றும் செய்வதற்கில்லை. ஏழு நின்றன.

ஆடி மாதத்தில் காற்று வீசத் தொடங்கியபோது அவை முற்றின. நம் சமவெளி வெப்பத்தில் எலுமிச்சை மரத்திலேயே முழு மஞ்சளாகும் என்று காத்திருக்கத் தேவையில்லை. கரும்பச்சை இளம்பச்சையாகி, சொரசொரப்பு நீங்கித் தோல் எண்ணெய் தடவியதுபோல் மினுங்கி, கட்டைவிரலால் அழுத்தினால் இலேசாக இடங்கொடுத்தால் அதுவே பக்குவம். இழுத்துப் பறிக்கக் கூடாது. காம்படியில் தோல் கிழிந்தால் இரண்டு நாளில் அழுகும். கிண்ணம் பழத்தோடு வரும்படி கத்தரியால் நறுக்க வேண்டும். நான் நறுக்கினேன், அவர் வேட்டியை ஏந்தினார்.

மறுநாள் காலையில் அவர் பண்ணைக்கு வந்து கணக்கை வாசித்தார். பூ 143, பழம் 7. செலவு: காந்திமதி அம்மன் சந்நிதிக்கு 1, மகள் வீட்டுக்கு 2, ஊறுகாய்க்காக ஆச்சி எடுத்துக்கொண்டது 3. கடைசி ஒன்றை என் கையில் வைத்து, "உமக்கு 1. கணக்கு நேர்" என்றார். பெரியவர்களைப் பார்க்கப் போகிறவன் எலுமிச்சம்பழம் கொடுத்து வணங்குவது நம் வழக்கம்; வயதில் மூத்த ஒருவர் எனக்கு அதைக் கொடுத்தது அன்றுதான். அதை நான் பிழியவில்லை. நறுக்கி, விதைகளைச் சாம்பலில் புரட்டி உலர்த்தி, மணல் நிரப்பிய ஒரு சட்டியில் ஊன்றினேன். விதை ஒன்பது. ஆவணி முடிவதற்குள் நாற்று பதினான்கு.